பேச முடியாத பெட்டிக்கு ஒரு சிம்

என் மகள் இருக்கும் இடம் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். ஓசூரில் ஏறி, ஜூஜூவாடியைத் தாண்டி, எல்லையைக் கடந்தால் அத்திப்பள்ளி வந்துவிடும். எல்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து கன்னட எழுத்தாக மாறும், அவ்வளவுதான். இந்த அரை மணி நேரத்தைக் கடக்க நான் ஒரு சிம், ஒரு வைஃபை டப்பா, ஒரு பாட்டுப் பெட்டி, இரண்டு மாநிலங்களின் செல்போன் கோபுரங்கள் இத்தனையையும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பேருந்திலேயே போயிருக்கலாமே என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு எங்கள் வீட்டுச் சத்தியத்தைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம்.

சத்தியத்துக்கு வாசகம் எழுதியவர் என் கணவர். தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் தெரு மாரியம்மன் கோயில் கமிட்டிக்குச் செயலாளர். கமிட்டித் தீர்மானங்களை அவர்தான் எழுதுவார். ஓட்டை இல்லாமல் எழுதுவதில் கெட்டிக்காரர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை அவரே வைத்துக்கொண்டார்.

மகள், தன்னோடு வேலை செய்த கன்னடக்காரப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மறு வாரம், உறவுக்காரர்கள் முன்னால் கற்பூரம் ஏற்றி, என் கையையும் பிடித்து நீட்டி, அவர் சொன்னது இது: "அவ வீட்டு வாசப்படிய நாங்க மிதிக்க மாட்டோம். எங்க வீட்டு வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது. போன்ல ஒரு வார்த்தை பேச மாட்டோம்." மூன்றே வரி. உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பையனைப் பற்றி அவருடைய குறை, பேச்சு வேறு, சாதி வேறு என்பது. பேச்சு வேறு என்று சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் கணவர் தக்காளி வியாபாரியிடம் கன்னடத்தில் பேரம் பேசுவார். பக்கத்து வீட்டில் தெலுங்கில் சண்டை போடுவார். ஒரே டீக்கடையில் மூன்று மொழியில் அரசியல் பேசி மூன்று மொழியிலும் தோற்பார். மருமகனிடம் பேசுவதற்கு மட்டும் அவருக்கு மொழி தெரியாது.

நான் இதையெல்லாம் அவரிடம் சொன்னதில்லை. நான் பத்தாவது வரை படித்தவள். அதிகம் பேசிப் பழக்கமில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும். சத்தியத்தின்போதும் கை நீட்டினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். இருந்தாலும் கற்பூரம் கற்பூரம்தான். எனக்குப் பயம் உண்டு.

இரண்டு வருடம் போயிற்று. நான் தொழிற்பேட்டையில் பைக்குக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வருகிற பாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேச வேண்டிய வேலை இல்லை என்பதால்தான் பதினாறு வருடமாக அங்கே இருக்கிறேன். பக்கத்து மேசையில் ஒருத்தி. தெலுங்குக்காரி. அத்திப்பள்ளியில் குடியிருக்கிறாள். நான் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவள். ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"பாருக்கா. எங்க தெருவுக்குப் பின்னாடி தெருதான். உன் பேரன்."

நான்கு மாதக் குழந்தை. துணித் தொட்டிலில் பாதி முகம்தான் தெரிந்தது. மீதி முகத்தைக் கொசுவலை மறைத்திருந்தது. என் நிறுத்தம் வருகிறவரை பார்த்தேன். குழந்தை பிறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"வீடியோ கால் போட்டுத் தரட்டுமாக்கா? ரெண்டு நிமிஷம் பேசேன்."

"போன்ல பேசக் கூடாது."

"அப்ப ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கு வர்ற மாதிரி வந்து ஒரு எட்டு…"

"வாசப்படி மிதிக்கக் கூடாது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போனும் வேணாம், வாசப்படியும் வேணாம். அப்ப என்னாதான்க்கா பண்றது, புறா விடலாமா?"

புறாவைப் பற்றி நான் நிஜமாகவே கொஞ்சம் யோசித்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் பீரோவின் மேல் தட்டில் இருந்த பாட்டுப் பெட்டி கண்ணில் பட்டது.

அது மகள் முதல் சம்பளத்தில் வாங்கியது. பார்க்கச் சின்னப் போன் மாதிரி இருக்கும், தொட்டால் நகரும். ஆனால் போன் இல்லை. சிம் போட இடமில்லை. கேமரா இல்லை. மைக்கும் இல்லை. பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். மகளின் துணிமணி, புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் என் கணவர் மூட்டை கட்டி வெளியே அனுப்பினார். இந்தப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தார். அதில் அவருக்காக மகள் ஏற்றி வைத்த அம்மன் பாட்டு நாற்பது இருந்தது. அம்மனைக் கோபித்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

மறுநாள் பக்கத்து மேசைக்காரியிடம் கேட்டேன். எதையாவது நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் அவள் கையிலிருந்த பாகத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"அதுல நெட் வருமா?"

"வைஃபை இருந்தா வரும்க்கா. பாக்கெட்ல போடற மாதிரி ஒரு டப்பா இருக்குது. அதுக்குள்ள சிம் போட்டா அது வைஃபை குடுக்கும். பெட்டி அதப் புடிச்சுக்கும்."

"பேச முடியுமா அதுல?"

"மைக் இல்லாத பெட்டில எப்படிக்கா பேசுவ? பாக்கலாம், கேக்கலாம். வேணும்னா எழுத்து தட்டி அனுப்பலாம்."

பார்க்கலாம், கேட்கலாம், பேச முடியாது. என்னைப் போலவே ஒரு பெட்டி. போன் அல்ல. வாசற்படியும் அல்ல. ஓட்டை இல்லாமல் எழுதுகிறவரின் மூன்று வரியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது.

முதலில் ஓசூரில் குளிரூட்டிய பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். சீருடை போட்ட பெண் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போஸ்ட்பெய்டு எடுங்கள் மேடம் என்றாள். இத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், குடும்பத்தில் நான்கு பேர் சேர்ந்துகொள்ளலாம், மாதா மாதம் பில் வீட்டு முகவரிக்கே வந்துவிடும் என்றாள். அவ்வளவு வசதியை நான் வாழ்க்கையில் கேள்விப்பட்டதில்லை. தபாலில் பில் வந்து, என் கணவர் கண்ணாடி போட்டு அதைப் பிரித்துப் படிக்கிற காட்சி கண்ணுக்குத் தெரிந்தது. குடும்பத் திட்டம் என்ற பெயரும் பொருத்தமாகத்தான் இருந்தது. இதோ வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். தண்ணீர் நன்றாக இருந்தது.

எனக்கு வேண்டியது பில் வராத சிம். ஒப்பந்தம் இல்லாதது. தீர்ந்தால் தீர்ந்தது, போட்டால் வரும். ஓசூரில் ரீசார்ஜ் கடைக்காரர்கள் பாதிப் பேர் கோயில் கமிட்டிக்கு நன்கொடை கொடுப்பவர்கள். அதனால் ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பக்கத்து மேசைக்காரி வழி சொல்லி, அத்திப்பள்ளிக்கே போனேன். ஆமாம், மகள் இருக்கும் அதே அத்திப்பள்ளிக்கு. கடைக்கும் அவள் வீட்டுக்கும் இடையில் இரண்டே தெரு. அவளைப் பார்ப்பதற்கான டப்பாவை வாங்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். சத்தியத்தை இவ்வளவு நேர்மையாகக் காப்பாற்றியவர்கள் புராணத்தில்கூட குறைவுதான்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கன்னடம் கலந்த தமிழ் பேசினார்.

"அம்மா, இந்தப் பெட்டிக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ஒரு போன் வாங்கிக்கோங்கம்மா. ஈசி."

"போன் வேணாங்க."

"போன்ல இதெல்லாம் சேர்ந்தே வரும்."

"அதனாலதாங்க வேணாம்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கையிருப்பில் பழைய வைஃபை டப்பா ஒன்று இருந்தது. என் ஆதாரை வாங்கி, என் முகத்தைப் படம் எடுத்து, மாற்று நம்பராக என் பட்டன் போனைக் குறித்து, அதற்கு வந்த எண்ணைக் கேட்டுத் தட்டினார். சிம்மை முதலில் தன் போனில் போட்டு உயிர் வரவைத்தார். பாட்டுப் பெட்டியில் வீடியோ கால் வரும் பச்சைச் செயலியை ஏற்றி, வந்த குறியீட்டை அதில் போட்டார். பிறகு சிம்மைக் கழற்றி டப்பாவுக்குள் தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது.

"ஆயிதும்மா," என்றார். "தீர்ந்தா இங்கயே வந்து போட்டுக்கோங்க. ஞாயிறு மட்டும் லீவு."

பக்கத்து மேசைக்காரி வாங்கித் தந்த நம்பருக்கு, மகளுக்கு நான் அனுப்பிய முதல் வரி: "அம்மா. பேச முடியாது. குழந்தையைக் காட்டு." தட்டி முடிக்கப் பஸ் ஓசூர் வந்துவிட்டது.

என் கணவர் தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் கமிட்டிக்குப் போவார், எட்டுக்கு வருவார். கமிட்டியில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் நீண்ட நேரம் பேச வேண்டும் என்று நான் தினமும் அம்மனை வேண்டிக்கொண்டேன். டப்பாவை முதலில் அரிசி போட்டு வைக்கும் எவர்சில்வர் தூக்கில் ஒளித்தேன். சிக்னல் வரவில்லை. இரும்புக்குள் வைத்தால் வராது என்று பக்கத்து மேசைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கேழ்வரகு மாவு இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். தினமும் களி சாப்பிடுகிறவர்தான், ஆனால் மாவு எங்கே இருக்கிறது என்பது முப்பது வருடமாக அவருக்குத் தெரியாத ரகசியம். ராணுவமே அங்கே எதையாவது ஒளித்து வைக்கலாம்.

ஆறரைக்கு மேல் மகள் அழைப்பாள். அவள் பக்கத்தில் என் படம் வராது, கறுப்பாகத்தான் இருக்கும். முதல் நாள் அந்தக் கறுப்பைப் பார்த்து, "அம்மா, இருக்கியா?" என்று பத்துத் தடவை கேட்டாள். "இருக்கேன்" என்று தட்டினேன். அது போய்ச் சேருவதற்குள் அவள் அழுது முடித்திருந்தாள். எனக்கு அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

குழந்தை கை ஆட்டினான், கொட்டாவி விட்டான், தன் காலைப் பார்த்து ஆச்சரியப்பட்டான். பாதி நேரம் படம் நின்றுவிடும். எங்கள் வீடு இரண்டு மாநிலக் கோபுரங்களுக்கும் நடுவில் இருப்பதால் டப்பாவுக்கு எதைப் பிடிப்பதென்று தீர்மானம் வராது. மருமகனை ஏற்பதா வேண்டாமா என்று எங்கள் வீட்டுக்கு இருந்த அதே குழப்பம் டப்பாவுக்கும். குழந்தை குப்புற விழப் போகிறான், ஒரு தோள் தூக்கிவிட்டான், அப்படியே நிற்பான். மீண்டும் உயிர் வரும்போது மல்லாந்து கிடப்பான். விழுந்தானா இல்லையா என்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. மாட்டிவிட்டது என் ஆதார்.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணின் ஆதாரை எடுத்துப் பார்த்தாலும் அதோடு சேர்த்திருப்பது புருஷனின் போன் நம்பர்தான். பதிவு முகாமில் அப்படித்தான் எழுதிக்கொடுத்தார்கள். நாங்களும் தலையாட்டினோம். எனக்கு அது மறந்தே போயிருந்தது. என் ஆதாரில் புதிதாக ஒரு நம்பர் எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி, நான் கடையில் இருந்த அன்றே அவர் போனுக்கு ஒழுங்காகப் போய்விட்டது. அவர் செய்திகளைப் படிப்பதில்லை. நெய்யில் கலப்படம், கிரகணத்தன்று குளிக்கும் முறை போன்ற முக்கியமானவற்றை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்புவார். போன் நிரம்பிவிட்டது என்று ஒரு வியாழக்கிழமை பழையதையெல்லாம் அழிக்க உட்கார்ந்தபோது அது கண்ணில் பட்டது.

"ஏய், இங்க வா! உன் ஆதார்ல எவனோ சிம் எடுத்திருக்கான்!"

நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பு நின்றுவிட்டது.

"எல்லாம் பெரிய கும்பலுடி. ஆதாரைக் காப்பி எடுத்து, சிம் வாங்கி, அதுல நம்ம நிலத்தை வேற ஒருத்தன் பேருக்கு மாத்திடுவான். வந்துக்கினே இருக்குது போன்ல, நீ எங்க படிக்கற? யாருக்குக் குடுத்த உன் ஆதாரை?"

எங்களுக்கு நிலமே கிடையாது. அதைச் சுட்டிக்காட்டும் நேரம் இது இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த அரை மணி நேரத்தில் அவர் நான்கு பேருக்குப் போன் போட்டார். கமிட்டிப் பொருளாளர், காலையில் அந்தச் சிம் கம்பெனி அலுவலகத்துக்குப் போய் ஒரு மனு கொடுத்தால் அந்த நம்பரை வெட்டிவிடுவார்கள் என்றும், தானும் கூட வருவதாகவும் சொன்னார். என் கணவர் மனு எழுத உட்கார்ந்தார். "ஐயா, என் மனைவி ஒன்றும் அறியாதவர்" என்று ஆரம்பித்தார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்.

அந்த ஒன்றும் அறியாதவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். காலையில் நம்பர் போய்விடும். இந்தப் பெட்டி மறுபடி பாட்டுப் பெட்டியாகும், நாற்பது அம்மன் பாட்டோடு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எந்தத் தொல்லையும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு ஐம்பது வருட அனுபவம். ஆனால் அந்தப் பிள்ளை அன்று ஒரு தோளைத் தூக்கியபடி நின்றிருந்தான். மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

"அந்தக் கும்பல் நான்தாங்க," என்றேன்.

அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். பேனா மட்டும் நின்றது.

"என்னா?"

"நான்தான் எடுத்தேன். அத்திப்பள்ளிக்குப் போயி."

"நீயா? தனியாவா?" முதலில் அவருக்கு ஆச்சரியம்தான் வந்தது. கோபம் அதற்கப்புறம் ஞாபகம் வந்தது. "போன் வாங்கிட்டியா? கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணமே!"

"போன் இல்லீங்க. அம்மன் பாட்டுப் பெட்டி. அதுக்குச் சிம் போட எடமே இல்ல."

"அப்ப சிம்மு?"

"கேழ்வரகு மாவுல இருக்குது."

அவர் என்னையே பார்த்தார். வாழ்க்கையில் அவர் எதிர்பார்த்த பதில்களில் இது இல்லை.

"அவகிட்ட பேசினியா?"

"ஒரு வார்த்தை பேசல. அதுல மைக் கிடையாது. போன்ல பேச மாட்டோம்னுதான நீங்க சொன்னீங்க. பாக்க மாட்டோம்னு சொல்லலையே."

எழுதியதைப் பற்றிக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. வாயைத் திறந்தார். மூன்று வரியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது. எங்கும் ஓட்டையை அடைக்க வழி கிடைக்கவில்லை போல. கடைசியில், "கொண்டா அதை," என்றார்.

பிடுங்கி எறியப் போகிறார் என்றுதான் கொடுத்தேன். டப்பாவையும் மாவோடு கொண்டுவந்து வைத்தேன். கடைசியாக நின்றுபோன படத்தை நான் பிடித்து வைத்திருந்தேன். ஒரு தோள் மேலே, ஒரு கை கீழே, வாய் திறந்தபடி குழந்தை. அவர் கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் பார்த்து, ரிப்பேர் பார்க்க வந்தவர் மாதிரி பக்கவாட்டில் தட்டினார்.

"ஏன் இப்படி நிக்குது?"

"சிக்னல் சரியா வர்றதில்ல."

"விழுந்தானா இல்லையா?"

"தெரியலீங்க. மூணு வாரமா இப்படித்தான்."

களி அடிப்பிடித்த வாசனை வந்தது. நான் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மனுக் காகிதம் நான்காக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. பெட்டி அவர் மடியில் இருந்தது. மறுநாள் காலையில் பொருளாளர் வந்து வாசலில் நின்றபோது, "ஒன்னும் இல்லப்பா, கம்பெனில தப்பா அனுப்பிட்டாங்களாம்," என்று திருப்பி அனுப்பினார். முப்பது வருடத்தில் எனக்காக அவர் சொன்ன முதல் பொய் அது.

சனிக்கிழமை சாப்பிடும்போது திடீரென்று ஆரம்பித்தார்.

"அந்தக் கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான். இப்படியா நெட்டு விக்கறது? புள்ள பாதியில நிக்குது. நாளைக்கே போயி அவனை நாலு கேள்வி கேக்கணும். கன்னடத்துலயே கேக்கறேன்."

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மட்டும் லீவு என்று கடைக்காரர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி வைத்துக்கொண்டு கிளம்பினார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று என் ஆதார் ஜெராக்ஸ் இரண்டு காப்பி எடுத்துக்கொண்டார். புகார் கொடுக்கப் போகிறவர் எதற்கு முகச்சவரம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூடையில் பாட்டுப் பெட்டியும் வைஃபை டப்பாவும் இருந்தன. பேருந்தில் வழி முழுக்க, கடைக்காரனிடம் கேட்கப் போகும் கேள்விகளை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லை தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது.

கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. அவர் அதன் முன்னால் போய் நின்று, பூட்டைப் பார்த்தார். அங்கிருந்து இரண்டு தெரு. அவருக்கு அது தெரியும் என்பதை, அவர் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கடை முன்னால் இருந்த சிமென்ட் படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"இது கடைப் படிதானே?" என்றார்.

"ஆமாங்க. கடைப் படி."

"யாரு வீட்டு வாசப்படியும் இல்லையே?"

"இல்லீங்க."

"உன் பெட்டில தட்டிக் கேளு. கடை எப்பத் திறக்கும்னு இந்த ஊர்க்காரங்க யாருக்காச்சும் தெரியுமான்னு."

இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஊர்க்காரி ஒருத்திதான். டப்பாவின் பச்சை விளக்கு எரிந்தது. அத்திப்பள்ளியில் அதற்குக் குழப்பமே இல்லை, சிக்னல் முழுசாக நின்றது. "அப்பாவும் நானும் சிம் கடைப் படியில்" என்று தட்டினேன். அதைவிட நீளமாக எழுத விரல் ஒத்துழைக்கவில்லை.

வீட்டில் போட்டிருந்த நைட்டிமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, காலில் வேறு வேறு செருப்போடு மகள் தெருமுனையில் திரும்பினாள். இடுப்பில் குழந்தை. கடைக்கு நான்கடி தள்ளி நின்றுவிட்டாள். கிட்டே வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. என் கணவர் எழுந்தார். கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இது:

"இந்தக் கடை எப்பம்மா திறக்கும்?"

"ஞாயித்துக்கிழமை லீவுப்பா," என்றாள்.

அவர் தலையாட்டினார். கையை நீட்டினார். குழந்தை அவரிடம் தாவி, முதல் வேலையாகக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். அதை விடுவிக்க அவர் முயலவே இல்லை.

"படத்துல இவ்ளோ முடி இல்லையே," என்றார் என்னிடம்.

"சிக்னல் சரியில்லீங்க."

"அதான் சொல்றேன். இதைச் சும்மா விடக் கூடாது." குழந்தையைத் தோளில் போட்டு, ஷட்டரில் தொங்கிய பூட்டை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்து பாக்கலாம்."